லீவு நாளுக்கும் சம்பளம் உண்டு: கணக்குப் போடுவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளக் கவர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் எண்ணிப் பார்ப்பது ஷிப்டைத்தான். ஆகஸ்ட் 15 வந்த வாரத்தில் பல கவர்களில் ஒரு ஷிப்ட் குறைந்திருக்கும். "கம்பெனிதான் லீவாச்சே, அப்புறம் எப்படிச் சம்பளம்?" என்பார் சூப்பர்வைசர். "சரிங்கண்ணா" என்று தொழிலாளியும் போய்விடுவார். அந்த ஒரு ஷிப்ட் அவருக்குச் சேர வேண்டிய பணம். தொழிலாளி, முதலாளி இருவருமே கூட உட்கார்ந்து போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான் இது.

படி 1: எந்தெந்த நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1958-இல் ஒரு சட்டம் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு தேசிய விடுமுறை, அதோடு ஐந்து பண்டிகை விடுமுறை, ஆக வருடத்துக்கு 9 நாள் சம்பளத்தோடு லீவு. ஆலைகளுக்கு மட்டுமில்லை, கடைகளுக்கும் இது பொருந்தும். ஓட்டுப் போடும் நாளுக்கும் சம்பளம் பிடிக்கக்கூடாது. அது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வார லீவு வேறு, இந்த 9 நாள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 2: ஐந்து பண்டிகையைப் பேசி முடிவு செய்யுங்கள்

பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி என்று நான்கு நாள் தானாக அமைந்துவிடும். கோவைப் பக்கம் பவுண்டரி, லேத் பட்டறைகளில் ஆயுத பூஜையை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஐந்தாவதில்தான் பேச்சு வரும். பவானி, ஈரோடு பக்கம் ஆடிப்பெருக்கைக் கேட்பார்கள், இன்னொரு ஊரில் மாரியம்மன் நோம்பியைக் கேட்பார்கள். வடமாநிலத்துப் பிள்ளைகள் நிறைய இருக்கிற யூனிட்டில் அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். வருடம் பிறக்கும் முன்பே பட்டியலை முடித்து, தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டு, எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிடுங்கள். தமிழில் ஒட்டுவதோடு இந்தியிலும் ஒரு பிரதி இருந்தால் நல்லது.

படி 3: ஒரு நாள் சம்பளம் எவ்வளவு?

சண்டை வருவது இங்கேதான், இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

மாதச் சம்பளக்காரருக்குப் பிரச்சினையே இல்லை, லீவு நாளுக்குப் பிடித்தம் செய்யாமல் விட்டாலே போதும். ஷிப்ட் கணக்குக்காரருக்கு ஒரு ஷிப்ட் சம்பளம். தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவருக்கும் லீவு நாளுக்கு ஒரு ஷிப்ட்தான் வரும், ஏனென்றால் அந்த அரை ஷிப்ட் ஓவர்டைம். (அதற்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம் உண்டு. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.)

பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு என்ன செய்வது? 'பீஸ் தைத்தால்தானே காசு' என்று இவர்களைத்தான் முதலில் கழற்றிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஆண்டு விடுப்புக்கு 1948 தொழிற்சாலைகள் சட்டம் காட்டிய வழி சராசரி எடுப்பது. முந்தின மாத வருமானத்தில் ஓவர்டைமையும் போனஸையும் கழித்துவிட்டு, உண்மையில் வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். பண்டிகை நாளுக்கும் அதையே வைத்துக்கொண்டால் வம்பு இல்லை.

பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) டெய்லர் ஒருவர் போன மாதம் 24 நாள் வந்து 19,800 ரூபாய் வாங்கினார், அதில் 1,800 ஓவர்டைம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 18,000. அதை 24-ஆல் வகுத்தால் நாளுக்கு 750. சில ஆபீஸ்களில் 30-ஆல் வகுத்து 600 என்று எழுதிவிடுவார்கள். கவரில் 600-ஐப் பார்த்தால் எத்தனையால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

படி 4: லீவு நாளில் வேலைக்குக் கூப்பிட்டால்

ஷிப்மென்ட் நெருக்கினால் அக்டோபர் 2 அன்றும் மெஷின் ஓடும். அப்படி வந்தவருக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் லீவு. எது வேண்டும் என்பது தொழிலாளியின் விருப்பம், கம்பெனி தீர்மானிப்பதில்லை. எதைக் கேட்டார் என்பதை அன்றைக்கே எழுதி கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

படி 5: ஆண்டு விடுப்பு

இது அந்த 9 நாளில் சேராது. முன்பு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் கிடைக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள். 260 நாள் வந்திருந்தால் 13 நாள் லீவு. எடுக்காமல் மிச்சமானதை 30 நாள் வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர் நடுவில் வரும் பண்டிகை நாளை இந்த லீவில் கழிக்க வேண்டியதில்லை. வேலையை விட்டு நிற்கும்போது மீதி லீவைப் பணமாகக் கேளுங்கள், பலர் இதைக் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

படி 6: முதலாளிகளுக்கு, காஸ்டிங்கில் (செலவுக் கணக்கில்) சேருங்கள்

ஷிப்ட் சம்பளம் 600 என்றால் 9 நாளுக்கு ஒரு ஆளுக்கு 5,400 ரூபாய். வருடம் 300 வேலை நாள் என்று வைத்தால் ஷிப்டுக்கு 18 ரூபாய். ஜாப் ஒர்க் (வேறு கம்பெனிக்குக் கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை) ரேட் பேசும்போதே இந்த 18-ஐச் சேர்த்துப் பேசுங்கள். சேர்க்காமல் ரேட்டைக் குறைத்து ஆர்டர் பிடித்துவிட்டால், தீபாவளி வாரத்தில் போனஸோடு இதுவும் வந்து நெஞ்சில் உட்காரும். லீவு நாள் சம்பளமும் சம்பளம்தான், அதற்கும் பிஎஃப், இஎஸ்ஐ கட்ட வேண்டும்.

படி 7: லீவு நாள் சம்பளம் வராவிட்டால்

வந்த நாள், ஷிப்ட், பீஸ் எண்ணிக்கை மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதி வையுங்கள், சம்பளக் கவரையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் ஆபீஸில் கேளுங்கள், நிறைய இடங்களில் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மனுவில் எந்தத் தேதி, எவ்வளவு ரூபாய் என்று குறிப்பாக எழுதி, நோட்டின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.