கிராஃப்ட் வைத்தவருக்கு மலம் கறுத்தால்…

அம்பாசமுத்திரம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். வயிற்றுப் பெருந்தமனி வீங்கியதற்குக் கிராஃப்ட், அதாவது செயற்கை ரத்தக்குழாய், வைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட வாடையோடு போயிற்று. "சூடுதான், ரெண்டு நாள் பதநீர் குடிங்க, சரியாப் போவும்" என்றார் மதினி. குடித்தார், சரியாகவும் போனது. பத்தாம் நாள் ராத்திரி ரத்த வாந்தி.

பதநீரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தார் மாதிரிக் கறுத்தது குடலுக்குள் கசிந்த ரத்தம்; அது நின்றதைக் குணமானதாக எடுத்துக்கொண்டதுதான் பிசகு. இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலின் பின்பாதி பெருந்தமனிக்கு முன்னால் குறுக்காகப் போகிறது. அங்கே துடித்துக்கொண்டே இருக்கும் பாலியெஸ்டர் குழாய் வருஷக்கணக்கில் குடலை உரசினாலோ, அதில் கிருமி தொற்றினாலோ இரண்டுக்கும் நடுவே துளை விழலாம். குளத்தங்கரை நண்டுவளையில் செத்தை வந்து அடைக்கிற மாதிரி ரத்தக்கட்டி அதை அடைக்கும். கட்டி எப்போது விலகும்? சில மணி நேரத்திலும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். விலகினால் கொட்டும். நூறு பேரில் ஒருவர் இருவருக்குத்தான் இது வரும். ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிர் தங்காது.

இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்தான். கிராஃப்ட் வைத்தவர் அதை வீட்டிலேயே தீர்மானிக்க வேண்டாம்.

அடுத்த தவறு, பழைய ஆபரேஷனைச் சொல்லாமல் விடுவது. தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவருக்கு வயிற்றில் தழும்புகூட இருக்காது; டாக்டர் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்? விட்டுவிட்டுக் காய்ச்சல், முதுகுவலி என்று மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதும் வேண்டாம். கிராஃப்டில் தொற்று இருந்தால் அது வெளியே தெரியாமல் அமுங்கிவிடும்.

அப்புறம் எண்டோஸ்கோபி. 'லேசான அல்சர்தான்' என்றதும் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். முன்சிறுகுடலுக்கு நான்கு பகுதி; வழக்கமான எண்டோஸ்கோபி இரண்டாம் பகுதியோடு நின்றுவிடும். இந்தத் துளை பெரும்பாலும் மூன்றிலோ நான்கிலோ இருக்கும். "கிராஃப்ட் இருக்கு, சி.டி. ஆஞ்சியோ பார்க்கலாமா?" என்று ரத்தக்குழாய்களைக் காட்டும் அந்த ஸ்கேனை நாமே கேட்கலாம், தப்பில்லை. அதிலும் சில சமயம் பிடிபடாது என்பதால், சந்தேகம் இருந்தால் விடக்கூடாது.

உள்ளூரில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல் 108-ஐக் கூப்பிட்டு திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அண்ணாச்சியின் மகள் போனில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியின் படம் இருந்தது. டியூட்டி டாக்டர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். 'கிராஃப்ட்' என்ற சொல்லில் விரல் நின்றது. ஸ்ட்ரெச்சர் நேரே ஸ்கேன் அறைக்குத் திரும்பியது.