செட்டிநாட்டில் போர் போடுமுன்: அடியில் கல்லா, மணலா என்று அறிவது எப்படி?

போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட முடிவு செய்தவுடன் நம் ஊர்களில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தனை அடி போகணும்?" என்பது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம் மனை கல்லின் மேல் இருக்கிறதா, மணலின் மேல் இருக்கிறதா? பிள்ளையார்பட்டிக் குடைவரையும் குன்றக்குடி மலையும் திருமயம் கோட்டைப் பாறையும் பூமிக்கு மேலே எட்டிப் பார்க்கின்ற அதே பழம்பாறை, மேற்கே திருப்பத்தூர்ப் பக்கம் சில அடிகளிலேயே தட்டுப்படுகிறது. கிழக்கே காரைக்குடி, தேவகோட்டை என்று கடலை நோக்கிப் போகப் போக, அப்பாறை ஆழத்தில் இறங்கி, அதன் மேல் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. வண்டி, குழாய், செலவு எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டைப் பொறுத்தவை.

மேலே தெரியும் செம்புராங்கல்லை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். துளைதுளையாக இருக்கும் இந்தக் கல், வெட்டும்போது மெதுவாக இருந்து காற்றுப்பட்டபின் இறுகுவது. அடியில் எது இருந்தாலும் அதன் மேல் ஒரு போர்வையாகப் படிந்திருக்கும். உண்மையைச் சொல்பவை அக்கம்பக்கத்துப் பழைய கிணறுகள். வெட்டுக்கிணற்றின் சுவர் கீழ்ப்பகுதியில் கட்டுமானமே இல்லாமல் வெறும் பாறையாக நின்றால் கல் பூமி. அடி வரை உறை இறக்கியோ செங்கல் கட்டியோ இருந்தால், சரியக்கூடிய மணல் பூமி. ஒரு நாள் மாலையில் நான்கு கிணறுகளை எட்டிப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

கல் பூமியில் தண்ணீர் பாறைக்குள் இல்லை. மேலே சிதைந்து உதிர்ந்த பகுதியிலும், அதன் கீழுள்ள வெடிப்புகளிலும்தான் இருக்கிறது. ஆழம் போகப் போக மேலுள்ள பாறையின் சுமையால் பெரும்பாலான வெடிப்புகள் இறுகிவிடுவதால், "இன்னும் நூறடி போனால் கிடைக்கும்" என்ற பேச்சு எப்போதும் பலிப்பதில்லை. ஆகவே இங்கு இடத்தேர்வுதான் முக்கியம். பூமியின் மின்தடையை அளந்து நீர் தேடும் ஆய்வாளர் நான்கு கம்பிகளைத் தரையில் ஊன்றி, வெளியில் உள்ள இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள்ளே உள்ள இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளப்பார். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட, இன்னும் ஆழத்தின் நிலை தெரியவரும். கட்டிப்பாறை மின்சாரத்தைத் தடுக்கும். ஈரமான வெடிப்பு கடத்தும். ஆனால் களிமண்ணும் உப்புத்தண்ணீரும்கூட நன்றாகக் கடத்தும். சிவகங்கைப் பக்கம் இன்னொரு வம்பும் உண்டு. அங்கே தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டியெடுக்கின்ற கிராஃபைட், அதாவது பென்சில் கரி, மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், கருவியில் தண்ணீர் போலவே காட்டக்கூடும். எனவே அளவீட்டைப் பக்கத்துக் கிணற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி ஆய்வாளரிடம் கேளுங்கள்.

தேங்காயையும் வேப்பங்கவட்டையையும் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மணல் பூமியில் பெரும்பாலும் எங்கே துளைத்தாலும் ஏதாவது ஓர் அடுக்கில் தண்ணீர் வரும். அதனால் அங்கே அவர்கள் பெயர் எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பெயரை நம்பிக் கல் பூமியில் உள்ள எங்கள் தோட்டத்திற்கு ஒருவரை அழைத்து வந்தோம்; தேங்காய் நிமிர்ந்து நின்றது, துளையில் கடைசிவரை தண்ணீர் இல்லை, பாறைத்தூள் புகைதான் வந்தது. "தேங்காயைச் சட்னிக்காவது அரைச்சிருக்கலாம்" என்றார் ஆச்சி.

மணல் பூமியில் கவலை வேறு. தண்ணீர் கிடைக்கும், துளை நிற்காது. கல் பூமியில் இளகிய மேல்பகுதிக்கு மட்டும், துளை சரியாமல் தாங்கும் கேசிங் பைப் இறக்கினால் போதும். இங்கே அடி வரை குழாய் வேண்டும், தண்ணீர் தரும் மணல் அடுக்குக்கு நேராக மட்டும் பில்டர் பைப், அதாவது தண்ணீர் நுழையத் துளையிட்ட குழாய், வர வேண்டும், குழாய்க்கும் துளைச்சுவருக்கும் இடையில் பொடிக் கூழாங்கல் கொட்ட வேண்டும். களிமண் அடுக்குக்கு நேராக பில்டர் வைத்தால் அது பயன்படாது. அதன் துளை மணலைவிடப் பெரிதாக இருந்தால் மணல் ஏறி மோட்டாரைத் தின்றுவிடும்.

இதைச் சரியாகச் செய்ய, துளைக்கும் நாள் முழுவதும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஒரு சாக்கை விரித்து, பத்தடிக்கு ஒரு கைப்பிடி வீதம் வெளிவரும் மண்ணை வரிசையாகக் குவித்து வையுங்கள். கல் பூமியில் உள்ள எங்கள் தோட்டத்தில் போட்ட இரண்டாவது போரில் முதல் குவியல்கள் செங்காவி. பிறகு மஞ்சளும் வெள்ளையும் கலந்த நொறுங்கல், விரலில் தேய்த்தால் அபரக மினுக்கம். அதன்பின் சாம்பல் நிறத் தூள். அந்தத் தூள் புகையாகப் பறந்துகொண்டிருந்தது, திடீரென்று புட்டு மாவு போல் ஈரமாகிக் குழாயைச் சுற்றி ஒட்டத் தொடங்கியது. அதுதான் முதல் வெடிப்பு. அந்த அடியை உடனே எழுதிக்கொண்டோம்.

துளைக்கும் ரிக் வண்டிக்காரர் சொல்லும் "ரெண்டு இஞ்சுத் தண்ணி" கணக்கோடு நின்றுவிட வேண்டாம். கம்ப்ரசர் காற்றால் தள்ளும்போது பீறிடுவது, வெடிப்பில் தேங்கியிருந்த நீராகவும் இருக்கலாம். மோட்டாரைச் சில மணி நேரம் ஓடவிட்டு, 200 லிட்டர் பீப்பாய் நிரம்பும் நேரத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர். முடிவில் மூன்று நிமிடம் ஆனால், 4,000 லிட்டரையே நம்பி மோட்டார் வாங்க வேண்டும்.

ஊராட்சியின் முன் அனுமதி கட்டாயம். 2010-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த நெறிமுறைகளின்படி, வேலை நடக்கும்போது சுற்றி வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். முடிந்தபின் குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் 30 செ.மீ., கீழ் 30 செ.மீ. சிமென்ட் மேடையும், வாய்க்கு இறுக்கமான மூடியும் வேண்டும். தண்ணீர் இல்லாமல் போன துளையைக் களிமண், மணல், கல், துளைத்த தூள் ஆகியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பிவிட வேண்டும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட குழியில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றப் பக்கத்தில் இணைகுழி தோண்டியபோது, கடும்பாறை குறுக்கிட்டு வேலையைத் தாமதப்படுத்தியது. குழந்தையை உயிருடன் மீட்க முடியவில்லை. தண்ணீர் வராத எங்கள் முதல் துளையை, துளைத்த அன்றைக்கே நிரப்பினோம். மண் வெட்டிப்போட ஆள் கூலி மட்டுமே ஆனது.

வளவு முற்றத்தில் விழும் மழைநீரைக் கிடாரங்களில் பிடித்துவைத்த வீடுகள் நம்முடையவை. இப்போது அந்த நீரைச் சாக்கடைக்கு விடாமல், மணலும் சரளையும் நிரப்பிய குழிக்குத் திருப்பலாம். கூரைநீரை வடிகட்டாமல் நேராக போர்க்குழாயில் விடுவது மட்டும் கூடாது. தூசும் எச்சமும் குடிநீரில் கலக்கும்.

கடைசியாக, அடிவாரியான மண் விவரம், தண்ணீர் வந்த அடிகள், கேசிங் நீளம், மோட்டார் இறக்கிய ஆழம் ஆகியவற்றை வீட்டுப் பேரேட்டில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டி, தையில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் நீர்மட்டத்தை அளந்து அதே பக்கத்தில் குறித்து வந்தால், மோட்டாரை எப்போது இறக்க வேண்டும் என்று மெக்கானிக்கைக் கேட்க வேண்டியிருக்காது.