கரைசலில் ஜொலித்தது, படலத்தில் மங்கியது

நான் வடிவமைத்த வான்நீல மூலக்கூறு டொலுயீன் கரைசலில் கண் கூச ஒளிர்ந்தது. அதையே மெல்லிய படலமாக்கி ஓஎல்இடியில் (மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமப் படலச் சாதனம்) வைத்தால் மங்கலான பச்சை! தூய்மையைத்தான் முதலில் சந்தேகித்தேன். இரண்டு முறை பதங்கமாக்கியும் பலனில்லை, வாரக்கணக்கில் நேரம் போனதுதான் மிச்சம்.

மின்சாரத்தால் உருவாகும் எக்சைட்டான்களில் (ஆற்றல் ஏறிய நிலைகளில்) 25% தான் எளிதில் ஒளிரும் சிங்கிலெட், மீதி 75% பெரும்பாலும் ஒளிராமல் வீணாகும் டிரிப்லெட். அந்த டிரிப்லெட்டுகளை அறை வெப்பத்தின் உதவியோடு சிங்கிலெட்டாக மாற்றி ஒளிர வைப்பதே என் மூலக்கூறின் வேலை. ஆனால் படலத்தில் அதன் தட்டையான கார்பசோல் வளையங்கள் நெருங்கி அடுக்கிக்கொண்டு ஒளியை விழுங்கின. வளையத்தின் 3, 6 இடங்களில் பருமனான டெர்ட்-பியூட்டைல் குழுக்களைச் சேர்த்து, ஒளிரும் மூலக்கூறுகளை விலக்கி வைக்கும் தாங்குபொருளான சிபிபியில் 10% மட்டும் கலந்தேன். பச்சை போய்விட்டது.

வெளிச்சம் மட்டும் அப்போதும் போதவில்லை. இந்த முறை தவறு தாங்குபொருளில். சிபிபியின் டிரிப்லெட் ஆற்றல் சுமார் 2.6 எலக்ட்ரான் வோல்ட். என் மூலக்கூறுடையது 2.7. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் போல ஆற்றல் அங்கே வழிந்துவிட்டது. இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், சரி. சுமார் 2.9 உள்ள எம்சிபி என்ற தாங்குபொருளுக்கு மாறியதும் சாதனம் பளிச்சென்று எரிந்தது. ஆனால் மின்னோட்டத்தைக் கூட்டினால் ஒளிரும் திறன் சரிகிறது. அதோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.