குமண தேசியப் பூங்காவுக்குப் போக: முதல் நாள் இரவே பொத்துவிலில் இருங்கள்

மட்டக்களப்பிலிருந்து விடியச் சாமம் 4 மணிக்கு வான் எடுத்தாலும், வழியில் தேத்தண்ணி குடித்து, வாசலில் டிக்கெட் எடுத்து உள்ளே போக 9 மணியாகிவிடும். அதற்குள் வெயில் ஏறி, யானையும் மரையும் காட்டு நிழலுக்குள் ஒதுங்கிவிடும். பூங்கா திறப்பது காலை 6 மணிக்கு. பொத்துவிலிலோ அறுகம்பேயிலோ பாணமையிலோ முதல் நாள் இரவு தங்கினால்தான் அந்த நேரத்துக்கு வாசலில் நிற்கலாம். பொத்துவிலிலிருந்து பூங்காவின் உகந்தை வாசல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பாணமை தாண்டினால் காட்டு வழி, இருட்டில் வேகமாக ஓடக்கூடாது. ஒரு மணித்தியாலம் ஒதுக்கி 5 மணிக்கு முன்னரே வெளிக்கிடுங்கள்.

எந்த மாதம் என்பது எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்தது. பூங்காவுக்குள் இருக்கும் குமண வில்லு என்ற சதுப்பு ஏரியில் பறவைகள் கூடுகட்டுவது ஏப்ரல் முதல் ஜூலை வரை, மே–ஜூனில் மரம் கொள்ளாது. நீருக்குள் நிற்கும் மரங்களின் கொப்புகளில் மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் என்று அடுக்கடுக்காய் இருக்கும். உச்சி வெயிலில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிப்பதைப் பார்க்க 8x42 தொலைநோக்கி ஒன்று போதும். கரடி பார்க்க வேண்டுமென்றால் பாலைப்பழம் பழுக்கும் ஜூன், ஜூலைதான் காலம், பழத்துக்காக அது மரத்திலேயே ஏறிவிடும். ஆகஸ்ட், செப்டெம்பரில் காடு காய்ந்துவிடுவதால் மிருகங்கள் தண்ணீரைத் தேடி வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழை, ஜீப் சேற்றில் புதைந்தால் அரை நாள் போச்சு. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தையில் கூடும் நாட்களில் சனநெரிசலுக்கும் தயாராக இருங்கள்.

யானை நீந்துவதைப் பார்க்கத்தான் ஆசையென்றால் இது இடமில்லை. அம்பாறைப் பக்கம் இங்கினியாகலைக்குப் போய், கல்ஓயா பூங்காவின் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளத்தில் படகு எடுங்கள்.

ஜீப் பேசும்போது வாடகையும் நுழைவுக் கட்டணமும் வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். சேவைக் கட்டணம் குழுவுக்கும் வாகனக் கட்டணம் ஜீப்புக்கும் அறவிடப்படுவதால், இரண்டு பேராகப் போனால் தலைக்குக் கூடுதலாக விழும். அதற்காகப் பத்துப் பேரை ஏற்றவும் கூடாது. நடுவில் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். நாலு பேர் தோது, ஆறு பேர் உச்சம். ஆளுக்கு ஆள் அடையாள அட்டை கொண்டு போங்கள், உள்ளூர்க் கட்டணத்துக்கு அது வேண்டும்.

சாரதியிடம் புறப்படுமுன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: “சிறுத்தைக்காக ஓட வேண்டாம், வில்லில் ஒரு மணித்தியாலம் நில்லுங்கள்.” சிறுத்தை தென்பட்டதென்று கேட்டதும் ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடும். போய்ச் சேரும்போது வாலும் மிஞ்சாது. ஒரே இடத்தில் எஞ்சினை நிறுத்திக் காத்திருப்பவர்களுக்குத்தான் காடு எதையாவது காட்டும்.

தண்ணீர் ஆளுக்கு 2 லீற்றர், புழுதிக்கு ஒரு துவாய், மங்கல் நிற உடுப்பு. சோற்றை ஷொப்பிங் பையில் கட்டாமல் வாழையிலையிலோ டப்பாவிலோ கொண்டு போங்கள், வாசலில் பொலித்தீனைப் பார்ப்பார்கள். பாணமைக்கு அப்பால் தொலைபேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது, வீட்டுக்குச் சொல்வதை முன்னரே சொல்லிவிடுங்கள். அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். கும்புக்கன் ஓயாக் கரை எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம், முதலை இருக்கிறது. யானை காதை விரித்து நின்றால் சத்தம் போடாமல், எழும்பாமல், சாரதி சொல்வதைக் கேளுங்கள்.

மாலை 6 மணிக்கு முன் வாசலுக்கு வந்துவிட வேண்டும். திரும்பும்போதும் மெதுவாகத்தான், மைம்மலில் பாணமை வீதியில் யானை நிற்கும்.