ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் கட்டிலில் படுத்துப் பார்க்க வேண்டும்

திருநெல்வேலி, தென்காசி பக்கம் புதிதாக எழும்பும் தனியார் மருத்துவமனைகளைப் பாருங்கள். பலவற்றின் முகப்பு முழுக்கக் கண்ணாடி, வரவேற்பறை முழுக்க கிரானைட். மாடியில் நோயாளி படுத்திருக்கும் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தால், பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். வரைபடத்தைச் சாலையிலிருந்து தொடங்குகிறோம், கட்டிலிலிருந்து தொடங்குவதில்லை. பெரிய தவறு அதுதான். மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து வருகிறவை.

ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பது அலங்கார விஷயம் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு, 1984-இல் வெளியிட்டார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நம் மண்ணில் வேம்பும் புங்கையும் தானாக வளரும். ஆனால் மரம் இருந்தும், ஜன்னலின் அடிக்கட்டை நான்கடி உயரத்தில் வைத்துவிட்டால் படுத்திருப்பவருக்கு வானம் மட்டும்தான் தெரியும். இரண்டரை அடியில் வைத்து, நல்ல கம்பி போடுங்கள்.

இந்த ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆனி முதல் ஆவணி வரை மலைக் கணவாய்கள் வழியே மேற்கிலிருந்து அருமையான காற்று வீசும். பிற்பகல் வெயிலும் அதே மேற்கிலிருந்துதான் அடிக்கும். சிலர் மேற்கே கண்ணாடி வைத்து அறையை வேகவைக்கிறார்கள், அப்புறம் நாள் முழுக்க ஏசி. சிலர் வெயிலுக்குப் பயந்து மேற்குச் சுவரை அடைத்துவிடுகிறார்கள், காற்றும் போகிறது. இரண்டுமே வேண்டாம். மேற்கில் எட்டடி ஆழத்துக்கு ஒரு தாழ்வாரம் விட்டு, அதற்கு வெளியே மரம் வையுங்கள். எதிர்ச் சுவரிலும் திறப்பு இருக்கட்டும். அது இல்லாமல் காற்று உள்ளே வந்தாலும் வெளியே போக வழி இருக்காது. கொசுவலையை மறந்தால் செவிலியர்கள் சாயங்காலமே எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை.

ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திருப்பிவிடுகிறது, புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. பொது வார்டிலும் வெளிநோயாளிகள் பகுதியிலும் ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்றாவது மாற வேண்டும் என்று இயற்கைக் காற்றோட்டம் பற்றிய 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காத்திருக்கும் கூடத்தை மூடிய ஏசி அறையாக்கி, இருமுகிறவரையும் கைக்குழந்தையையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைப்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. அந்த ஒரு கூடமாவது திறந்த முற்றத்தை ஒட்டி இருக்கட்டும்.

கூட வருகிறவர்களைக் கணக்கில் எடுக்காததும் பெரிய பிழை. அம்பாசமுத்திரத்திலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ ஒருவரைச் சேர்த்தால், கூடவே அம்மாவோ மதினியோ வந்து தங்குவார்கள். அவர்களுக்குப் படுக்க இடம், வெந்நீர் பிடிக்க ஒரு குழாய், துணி காயப்போட ஒரு கொடி வேண்டும். இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில்தான் பாய் விரிப்பார்கள்.

சின்னத் தவறுகளும் வலிக்கும். மல்லாந்து கிடப்பவரின் முகத்துக்கு நேர் மேலே டியூப்லைட். ராத்திரியில் டிராலி உருளும்போதெல்லாம் தடதடக்கும் தரை இணைப்புகள் (இரவில் வார்டு 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு). உள்பக்கம் திறக்கும் கழிப்பறைக் கதவு இன்னும் மோசம்: உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின் மேல் விழுந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது.

கடைசியாக, தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது, தாமிரபரணி நெல்லை சந்திப்புப் பகுதிக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஜெனரேட்டரையும் மின் பலகையையும் மருந்துக் கிடங்கையும் அடித்தளத்தில் வைக்கிற வரைபடங்களை யாரும் ஏற்கக்கூடாது. இடம் பார்க்கும்போதே அந்தத் தெருக்காரர்களிடம் அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கேளுங்கள். சரி, அந்த அளவு தெரிந்துவிட்டால், ஜெனரேட்டர் மேடை அதைவிட இரண்டடியாவது மேலே இருக்க வேண்டும்.