பழைய காலேஜ் பில்டிங்கை புதுப்பிக்கிறோம்னு கெடுத்துடாதீங்க

மெட்ராஸ் யுனிவர்சிட்டி செனட் ஹவுஸ், அதே பீச் ரோட்டுல இருக்குற பிரசிடென்சி காலேஜ், ரெண்டுமே அந்தக் காலத்து ஆங்கிலேய ஆர்க்கிடெக்ட் ராபர்ட் சிஷோல்ம் டிசைன் பண்ணதுதான். பிரசிடென்சிய 1870ல திறந்தாங்க, செனட் ஹவுஸ் 1874ல ஆரம்பிச்சு 1879ல முடிஞ்சுது. எதிர்ல கடல், வருஷம் பூரா உப்புக்காத்து, அதையும் தாங்கிக்கிட்டு 150 வருஷம் நிக்குது. இந்த மாதிரி பில்டிங்குங்க வயசாகி கெட்டுப்போறதை விட ரிப்பேர்ங்குற பேர்ல நாம செய்ற வேலையாலதான் சீக்கிரம் கெடுதுங்குறது என் உறுதியான கருத்து.

முதல் தப்பு, பெரிய தப்பு, சிமெண்ட். அந்தக் காலத்து சுவரு செங்கல்லும் சுண்ணாம்பும். தரையில இருந்து ஏறுற ஈரம், மழைக்கு உள்ள போற ஈரம் எல்லாத்தையும் சுண்ணாம்புப் பூச்சு வெளிய விட்டுடும். காரை உதிருதுன்னு பாத்த உடனே கான்ட்ராக்டர் சிமெண்ட் அடிச்சு விட்டுடுவாரு, ஆறு மாசம் பாக்க பளிச்சுனு இருக்கும், ஆனா ஈரம் வெளிய வர வழி இல்லாம உள்ளயே நிக்கும், அந்த ஈரத்துல கரைஞ்ச உப்பு காயும்போது செங்கல்லுக்குள்ள படிகமாகி செங்கல்லயே பொடியாக்கிடும். விரல் கணுவால சுவர தட்டிப் பாருங்க, டொக்குடொக்குன்னு பொள்ளலா கேட்டுச்சுன்னா பூச்சு ஏற்கெனவே விட்டுடுச்சுன்னு அர்த்தம். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட்டும் இதே கதிதான், மழைக்காலம் முடிஞ்சதும் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நிக்கும், கை வச்சா கொட்டும். சுண்ணாம்ப தண்ணி விட்டு ஒழுங்கா நீத்து ஊறப்போட்டு அரைக்கணும், கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணி சேக்கணும், பூசுனதுக்கு அப்புறம் மெதுவா காய விடணும். டைம் எடுக்கும்தான். ஆனா ஷெட்யூல்ல இந்த டைம முதல்லயே போடாம கான்வொகேஷனுக்கு முன்னாடி முடிச்சுக்குடுங்கன்னு சொன்னா கொத்தனார் என்ன செய்வாரு பாவம்?

ரெண்டாவது, மொட்டை மாடி. மெட்ராஸ் டெரஸ்னா தேக்கு உத்திரத்துக்கு மேல சின்ன சின்ன செங்கல்லா சுண்ணாம்பு வச்சு செங்குத்தா அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லி போட்டு, தட்டோடு பதிச்ச கூரை. ஒழுகுதுன்னா மேல இன்னொரு கோட் கான்க்ரீட் போடுறாங்க, திரும்ப ஒழுகும், இன்னொரு கோட், வெயிட் எல்லாம் உத்திரத்து மேல. உத்திரம் சுவத்துக்குள்ள போற முனைதான் முதல்ல மக்கும், கறையானும் அங்கதான் புடிக்கும், அத தோண்டிப் பாக்காம மேல எதுவும் போடவே கூடாது. பல நேரத்துல அடைச்சுக்கிட்ட மழைத்தண்ணி குழாயும் பாரபெட்ல முளைச்ச அரசங்கன்னும்தான் ஒழுகுறதுக்குக் காரணமா இருக்கும்.

அடுத்தது, பில்டிங்க படிக்காம யூஸ முடிவு பண்றது. டிபார்ட்மெண்ட் லைப்ரரிக்கு எடம் இல்ல, மாடி ஹால் காலியா இருக்குன்னு காம்பாக்டர் ரேக்க (ஒண்ணோட ஒண்ணு நெருக்கி நகர்த்தி வைக்கிற புஸ்தக அலமாரி) ஏத்திடுவாங்க. ஆளுங்க உக்காரக் கட்டுன தளம் அது, புஸ்தக ரேக் வெயிட் அத விட ரொம்ப அதிகம். எக்ஸாம் ஹால், மியூசியம், மீட்டிங்குன்னா தாங்கும். செனட் ஹவுஸயே எடுத்துக்குங்க, 1937ல மெட்ராஸ் அசெம்ப்ளி அங்கதான் கூடுச்சு, ஆளுங்க கூடுறதுக்குன்னு கட்டுன ஹால்தான அது. லேப், கெமிக்கல், ஹெவி மெஷின் எல்லாம் பக்கத்துல புதுசா கட்டுற பில்டிங்குக்குப் போகட்டும்.

ஏசிக்காக ஃபால்ஸ் சீலிங் அடிக்கிறத பாத்தா மனசு வலிக்குது. அவ்ளோ உயரம் வச்சதே சூடு மேல போகணும்னுதான், அத மூடிட்டா மேல உத்திரத்துல ஒழுகுனாலும் யாருக்கும் தெரியாது. அதோட அந்த இடைவெளிதான் தீ பரவுற வழி. 2014ல ஸ்காட்லாந்துல இருக்குற கிளாஸ்கோ ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ல பேஸ்மெண்ட்ல ஃபோம் ஸ்ப்ரே கேஸ் சூடான புரொஜெக்டர்ல பட்டு புடிச்ச தீ, பழைய காத்து டக்ட் வழியா மேல வரைக்கும் ஏறிடுச்சு. அத ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே 2018ல திரும்ப எரிஞ்சு உள்ள இருந்த எல்லாமே போச்சு. நம்ம ஊர்லயே செனட் ஹவுஸ் பக்கத்துல சேப்பாக்கம் கலச மஹால், பழைய நவாப் அரண்மனை, கவர்மெண்ட் ஆபீஸா இருந்தப்போ 2012 ஜனவரியில எரிஞ்சு ஒரு தீயணைப்பு வீரர் உயிரே போச்சு. அப்புறம் பொதுப்பணித்துறை சுண்ணாம்பு வச்சே அத திரும்ப எழுப்புனாங்க, இப்ப பசுமைத் தீர்ப்பாயம் அங்க நடக்குது. இந்தக் காலத்துல சுண்ணாம்பு வேலையெல்லாம் முடியாதுன்னு சொல்றவங்க போய்ப் பாக்கலாம். ஒயரிங்க முழுசா மாத்துங்க, ஆனா சுவத்த வெட்டி கன்சீல் பண்ணாதீங்க, வெளிய பைப்ல தெரியுற மாதிரியே போகட்டும், ரிப்பேருக்கும் அதான் நல்லது. வேலை நடக்குற சமயத்துலயும் வெல்டிங் இருக்குற நாள்ல ராத்திரி வரைக்கும் ஆள் காவல் போடுங்க.

ஹெரிடேஜ்னு சொல்லி ராம்ப், லிஃப்ட் வேணாம்ங்கறதும் தப்புதான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பொதுக் கட்டிடத்துல அந்த வசதி இருந்தே ஆகணும், வீல்சேர்ல வர்ற புள்ள பின்வாசல் வழியா சுத்திக்கிட்டு வரக்கூடாது. லிஃப்ட்ட பின்பக்கம் தனி ஸ்டீல் ஃப்ரேம்ல நிறுத்தலாம், நாளைக்கு கழட்டுனா சுவத்துல நாலு போல்ட் ஓட்டைதான் இருக்கும்.

கடைசியா டெண்டர். புது ஹாஸ்டல் கட்டுறதுக்குப் போடுற அதே ரேட்டு, அதே எல்1 கணக்குல, அதாவது யாரு கம்மியா கேக்குறாங்களோ அவங்களுக்கேன்னு, இந்த வேலைய விட்டா சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆளு வரவே மாட்டாரு. ஒரு சின்ன சுவர் பகுதிய சாம்பிளா பூசிக் காட்டச் சொல்லுங்க, அது ஒரு மழைய தாங்குன பிறகு மொத்த வேலையும் குடுங்க. முடிச்சதுக்கு அப்புறம் வருஷா வருஷம் செப்டம்பர்ல மாடி குழாய் சுத்தம் பண்றதுக்கும் காசு ஒதுக்கி வைங்க.