இடப்பெயர்வில் இடைவெளியை எண்ணாதீர்கள்

இடப்பெயர்வு என்றால் ஓர் உருவத்தைத் திருப்பாமல், அளவு மாற்றாமல் அப்படியே நகர்த்துவது. கார்டீசியன் தளத்தில், அதாவது இரண்டு அச்சுகள் போட்ட கட்டத்தாளில், ஒரு முக்கோணத்தை வலப்பக்கம் 5 அலகு நகர்த்தச் சொன்னால், பழைய முக்கோணம் முடிகிற இடத்திலிருந்து 5 கட்டம் தள்ளிப் புதியதை வரைந்துவிடுகிறார்கள் பலர். நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான்.

முக்கோணத்தின் முனைகள் ஏ(1, 1), பி(4, 1), சி(1, 3) என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 அலகு வலப்பக்கம் போனால் ஏ புள்ளி (6, 1), பி (9, 1), சி (6, 3). இப்போது பழைய பி இருந்த 4க்கும் புதிய ஏ இருக்கிற 6க்கும் நடுவே வெறும் 2 அலகுதான் இடைவெளி. அதைப் பார்த்ததும் எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்து, பியிலிருந்து 5 எண்ணி ஏயை 9இல் வைத்தால் முக்கோணம் 8 அலகு நகர்ந்துவிடும். ஏயிலிருந்து புதிய ஏ வரை, பியிலிருந்து புதிய பி வரை, இப்படி ஒவ்வொரு முனையையும் அதன் சொந்த இடத்திலிருந்துதான் எண்ண வேண்டும். இரண்டு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் பரவாயில்லை.

எண்ணும்போது நிற்கிற புள்ளியையே 1 என்று தொடங்கினால் ஓர் அலகு குறைந்துவிடும். அச்சில் ஒரு கட்டம் 2 அலகாக இருக்கலாம், அதையும் பாருங்கள்.

அப்புறம் குறி. (−2, 4) என்ற புள்ளி இடப்பக்கம் 3 அலகு போனால் −2 − 3 = −5, ஆக (−5, 4). இங்கே −1 என்று எழுதினால் புள்ளி வலப்பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். இடம் வலம் என்றால் முதல் எண், மேல் கீழ் என்றால் இரண்டாவது எண். இதை மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு.

ஒரு முனையை மட்டும் சரியாக நகர்த்திவிட்டு மற்றதைக் கண்ணளவில் வரையாதீர்கள், பக்கம் நீண்டுவிடும், சாய்ந்துவிடும். மூன்று முனைகளையும் கணக்கிட்டு எழுதிவிட்டு அப்புறம் கோடு போடுங்கள். ஒவ்வொரு பழைய முனையையும் அதன் புதிய முனையோடு இணைத்துப் பாருங்கள்: அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே நீளத்தில், ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கோணலாகப் போனால் அந்த முனையில்தான் தவறு.